திரை வண்டியில் வந்த பிரெஞ்சு

உம்மா அந்தப் பெட்டியைத் திறந்திராவிட்டால் எங்கள் முற்றத்தில் ஒன்பது குழிகள் விழுந்திருக்காது.

பெட்டி எங்கள் வெளி அறையில் தங்கியிருந்த வியாபாரியுடையது. என் வாப்பா உசனார் காத்தான்குடியில் விதானை, அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவர். ஊருக்குப் புதிதாக வரும் ஆட்கள் விதானை வீட்டு வெளி அறையில் இரண்டு மூன்று நாள் தங்கிப் போவது வழக்கம். இந்த மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். தோளில் மூட்டை, கையில் பூட்டில்லாத மரப்பெட்டி, முகத்தில் ஒரு சிரிப்பு. பேச்சு எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கிழக்குக் கடலுக்கு அப்பாலிருந்து மூட்டையோடு யார் வந்தாலும் எங்கள் ஊரில் அவர் சீனன்தான். பட்டுத்துணி விற்கும் சீனர்கள் வருசத்துக்கு இரண்டு தடவை வருவார்கள். ஆனபடியால் இவரையும் எல்லோரும் "சீனன்" என்றே கூப்பிட்டார்கள். அவரும் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாப்பாவுக்கு வருத்தம் வந்தது. என்ன வருத்தம் என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. உடம்பு கொதித்தது, காய்ச்சல் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஏழு இளநீர் குடித்தார். படுத்தால் எழும்பினார், எழும்பினால் நடந்தார். விடிந்து பார்த்தபோது பின் வேலி முழுவதையும் தனியாளாகக் கட்டி முடித்திருந்தார். நான் பிறந்த பதினாலு வருசத்தில் வாப்பா ஒரு ஓலைக் கிடுகைத் தூக்கிக் கண்டதில்லை.

"இது நல்ல வருத்தமில்ல," என்றார் உம்மா.

அன்று காலை உம்மா வெளி அறையைக் கூட்டப் போனார். வியாபாரி கிணற்றடியில் இருந்தார். பெட்டியை நகர்த்தும்போது மூடி திறந்துகொண்டது என்று உம்மா இன்றுவரை சொல்கிறார். உள்ளே பஞ்சின் மேல் வேர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு கை, இரண்டு கால். சிலதுக்குத் தாடிகூட இருந்தது. இடுப்பில் சிவப்பு நூல். நூல்கள் பத்து, வேர்கள் எட்டு. இரண்டு நூல் வெறுமையாகக் கிடந்தன.

மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சூனியத்துக்குப் பெயர் போன ஊர் இது. வெளியூர் ஆட்கள் இங்கே பாயில் உட்காரும் முன் இரண்டு தடவை யோசிப்பார்கள். ஆள் உருவம், சிவப்பு நூல், வீட்டில் பெயர் தெரியாத வருத்தத்தோடு ஒரு மனிதன். உம்மா போட்ட சத்தத்தில் மூன்று வளவுக்காரர் வேலி பாய்ந்து வந்தார்கள்.

"ரெண்டு பொம்மயக் காணல்ல! எங்கட வளவுக்குள்ளதான் எங்கயோ தாட்டிரிக்கான்!"

தோண்டத் தொடங்கினார்கள். வாசற்படிக்குக் கீழே, கிணற்றடியில், முருங்கையடியில். வாப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று பார்த்தார்.

"போதும் விடுங்கவன், இவ்வளவு ஆழத்துக்கு ஆரும் தாட்டிரிக்க மாட்டான்," என்று ஒவ்வொரு குழிக்கும் சொன்னார்.

"நீங்க பேசாம இரிங்க. உங்கட உசிருக்குத்தான் நாங்க பாடுபடுற," என்றார் உம்மா.

கடைசியில் பொலிசுக்கு ஆள் போயிற்று. சூனியத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லையாம். ஆகவே 'நச்சு வேர் வைத்திருந்தார்' என்று எழுதிப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். நீதவான் துரை வழக்கை வியாழக்கிழமைக்கு ஒத்திவைத்தார். அதற்குள் இந்த மனிதரின் பாசை தெரிந்த ஒருவரை விதானை தேடிக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை எரித்துவிட்டு ஆளைக் கொழும்புக்கு அனுப்புவது. அதுவரை ஆள் எங்கள் வெளி அறையில், வாப்பாவின் பொறுப்பில்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் நல்லரத்தினம் முதலியார். நீதவான் கோட்டில் தமிழை இங்கிலீசாக்கி, இங்கிலீசைத் தமிழாக்குபவர்.

"அவர்ர கடதாசியில 'கொரியா' எண்டு கிடக்கு விதானையார். ஆள் சீனன் இல்ல."

"கொரியா எங்க இரிக்கி முதலியார்?"

"சீனாவுக்கும் யப்பானுக்கும் நடுவில."

"அப்ப ரெண்டும் கலந்து பேசினா விளங்கும்தானே?"

"அந்த ரெண்டும் உங்களுக்குத் தெரியுமா?"

வாப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

இந்தப் பேச்சு நடக்கும்போது ஒரு பொலிஸ்காரர் வியாபாரிக்கு நெருப்புப் பெட்டியைக் காட்டி, வெறுங்கையால் மரப்பெட்டி மாதிரிப் பிடித்து, "புஸ்" என்று ஊதிக் காட்டினார். வியாபாரிக்கு அது மட்டும் நன்றாக விளங்கியது. சிரிப்பு நின்றுபோனது. அன்று அவர் சோறு தின்னவில்லை.

செவ்வாய்க்கிழமை காத்தான்குடியிலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் பறை அடித்துச் சொன்னார்கள். கொரியா பாசை தெரிந்தவர்கள் விதானை வீட்டுக்கு வரவேண்டும், கூலி அரசாங்கக் கச்சேரியால் கிடைக்கும். எங்கள் கரையில் இத்தனை பேருக்குக் கொரியா பாசை தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முதலில் இப்றாஹிம் ஹாஜியார் வந்தார்.

"ஹஜ்ஜில நான் கேக்காத பாசை இல்ல, விதானை. சகல பாசையும் இந்தக் காதால கேட்டிரிக்கன்."

"கேட்டது சரி ஹாஜியார். பேசியும் இரிக்கீங்களா?"

"கேக்கிறத்துக்குத்தானே உங்களுக்கு ஆள் வேணும்?"

ஹாஜியார் அரை மணித்தியாலம் கேட்டார். பிறகு, "நல்ல மனிசன்தான்," என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

குருக்கள்மடத்திலிருந்து அழகரத்தினம் என்றொருவர் வந்தார். அவருக்குப் பாசை தெரியாது. ஆனால் கூலியை இப்பவே பேசி முடித்தால் வியாழக்கிழமைக்குள் படித்துத் தருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை காலை முதலியார் தானே ஒரு ஆளைக் கூட்டிவந்தார். புளியந்தீவில் பல்லுப் பிடுங்கும் சீன டாக்குத்தர். இருவரும் ஒருவரோடொருவர் பேசிப் பார்த்தார்கள், விளங்கவில்லை. ஆனால் டாக்குத்தர் என் பழைய சிலேட்டைக் கேட்டு வாங்கி ஏதோ எழுதினார். வியாபாரி துள்ளி எழும்பிச் சிலேட்டைப் பறித்துப் பதில் எழுதினார். எழுத்து இருவருக்கும் ஒன்றாம். ஒரு மணித்தியாலம் எழுதினார்கள், அழித்தார்கள், எழுதினார்கள். இடையில் டாக்குத்தர் வாப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்.

"ஆ, முடிஞ்சிது வேல," என்று முதலியார் கையைத் தேய்த்துக்கொண்டார். "சொல்லுங்க டாக்குத்தர். என்னவாம்?"

அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. கடையில் டாக்குத்தருக்குத் தமிழ் பேசுகிற உதவியாள் ஒருவன் உண்டு. அவன் லீவில் போயிருந்தான். டாக்குத்தருக்குத் தெரிந்த தமிழ் தொழிலுக்குத் தேவையானது மட்டும்.

அவர் எழும்பி நேரே வாப்பாவிடம் வந்தார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"வாயத் திற," என்றார்.

வாப்பா திகைத்துப்போனார்.

டாக்குத்தர் இரண்டு விரலைக் காட்டினார். "துப்பு," என்றார். பிறகு தைரியம் சொல்வதுபோல, "நோகாது."

"இவனக் கூட்டிட்டுப் போங்க முதலியார்!" வாப்பாவின் முகம் வெளிறிவிட்டது. "எனக்குப் பல்லில ஒண்டுமில்ல!"

அன்று மத்தியானம் வியாபாரிக்குக் கொடுத்த ரொட்டியைக் காகம் தூக்கிக்கொண்டு போனது. நான் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அவர் காகத்தைப் பார்த்து, "மொந்தியூ!" என்றார். அதற்குப் பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

 அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மாமி கோழிகளுக்கு ஏசும் சத்தம்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. உம்மாவின் தம்பி அப்துல் கபூர் மாமா புடவை வியாபாரத்துக்குக் காரைக்கால் போனவர், அங்கேயே முடித்து மாமியை இங்கே கூட்டிவந்துவிட்டார். மாமிக்கு இங்கே ஏது வீடு? ஆறு வருசமாக இருவரும் உம்மாவின் பின்னறையில்தான். "வீடில்லாத பொண்டாட்டி" என்று கிணற்றடியில் சொல்வார்கள், மாமிக்குக் கேட்கும்படியாக. மாமி மெதுவாகத்தான் பேசுவார். பால் பொங்கி வழிந்தாலும், மாமாவோடு கோபம் வந்தாலும் மட்டும் அந்த வேறு பாசையில் முணுமுணுப்பார். மாமா அதை ஏதோ துஆ என்று நினைத்து, "ஆமீன்" என்று சொல்வார்.

ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. பெண்பிள்ளைக்குப் போதும் என்று அஞ்சாம் வகுப்போடு பள்ளியால் நிற்பாட்டின பிறகு வீட்டு ஆட்களிடமும் குறைந்துபோனது. ஆகவே கொப்பியில் ஒரு மூலையைக் கிழித்து எழுதினேன். 'அந்த மனிசன் மாமிட பாசை பேசுறார்.' அதை மாமாவின் தொப்பிக்குள் வைத்தேன்.

மாமா அசர் தொழுகைக்குத் தொப்பியை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"புள்ள, ஒங்கட துஆ எந்த நாட்டு துஆ?"

மாமி தலையைக் குனிந்துகொண்டார். "பிரெஞ்சுங்க. எங்க வாப்பா சைகோன்ல கணக்கப்பிள்ளையா இருந்தாங்க. பதினாலு வயசு வரைக்கும் நான் அங்க கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துலதானே படிச்சேன். முடிக்கும்போதே சொன்னேனே."

"சைகோன் எண்டுதான் சொன்ன. பாசைய ஆரு கேட்ட?" மாமா கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். "அப்ப நான் ஆறு வருசமா ஆமீன் சொன்ன..."

"பெரும்பாலும் உங்களப் பத்தித்தாங்க."

மாமி ஜன்னலுக்குப் பின்னால் நின்று இரண்டு சொல் கேட்டார். வெளி அறையில் அந்த மனிதர் முழங்காலில் விழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய நாட்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் பள்ளிக்கூடம் வைத்துப் படிப்பித்தார்களாம்.

முதலியாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, மாமாவை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "புளியந்தீவில இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் திருகோணமலைக்குப் போயிட்டார், வர ஒரு கிழமையாகும். இனி உங்கட வீட்டாள்தான் கபூர் காக்கா."

"வீட்டுப் பொம்பளயக் கோட்டுக்கு அனுப்ப ஏலா," என்றார் வாப்பா அவசரமாக. "மானம் மரியாத ஒண்டு இரிக்கி. அந்தாள் கொழும்புக்குப் போனா அங்க பாசை தெரிஞ்ச ஆரும் இரிப்பாங்க."

வாப்பா இவ்வளவு கடுமையாக மாமியின் மானத்தைக் காப்பாற்றியதை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. ஆனால் மாமாவுக்குப் பெருமை ஏறிவிட்டது. நிபந்தனைகள் சொன்னார். திரைச்சீலை கட்டிய மாட்டு வண்டி. வண்டியைக் கோட்டு ஜன்னலோடு விட வேண்டும். மாமியை யாரும் பார்க்கக் கூடாது. குரலையும் கேட்கக் கூடாது. மாமி மாமாவின் காதுக்குச் சொல்வார், மாமா கோட்டுக்குச் சொல்வார். துணைக்கு நான்.

வியாழக்கிழமை கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் புளியந்தீவுக்குப் போனோம். வண்டியின் பின்புறத்தைக் கோட்டு ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினார்கள், நடுவில் மாமா நின்றார். சீலையில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அதனூடாக நான் உள்ளே பார்த்தேன். துரை, மேசையில் பெட்டி, ஜன்னலடியில் கொரியாக்காரர், அந்தப் பக்கம் நோயாளிக்கான கதிரையில் வாப்பா.

முதல் கேள்விகள் சுகமாகப் போயின. பெயர் பாக் யோசேப்பு. நாடு கொரியா. தகப்பனும் தமையனும் ஆறு வருசம் மண்ணுக்குள் வைத்து வளர்த்த வேர்கள் இவை. ஆறு வருசம் போனால் வேருக்குக் கைகால் வரும். எவ்வளவுக்கு மனிதனைப்போல் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல வேர். இந்தப் பெட்டிதான் அவர் ஊருக்குத் திரும்பிப் போக உள்ள ஒரே வழி.

துரை ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

"இந்த வேர் என்னத்துக்கு? ரெண்டு வேர் எங்க?" என்று முதலியார் கேட்டார்.

மாமி அதைப் பிரெஞ்சில் குசுகுசுக்க, பாக் நீளமாகப் பேசினார்.  மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் திரும்பவும் கேட்டார். அவர் திரும்பவும் சொன்னார். பிறகு மாமி சீலையோடு வாயை வைத்து மாமாவுக்குச் சொன்னார்.

வேர் வயதான ஆட்களுக்குப் பலம் தரும். சனிக்கிழமை பாக் கிழவனைப்போல் கூனி நடந்து, வேரைத் தின்பதுபோல் காட்டி, நிமிர்ந்து நெஞ்சில் அடித்து வாப்பாவுக்கு விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது வாப்பா வெளி அறைக்கு வந்து தன் முழங்காலைக் காட்டினார். பாக் நகக்கண் அளவு வெட்டிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு முழு வேர் இல்லை. மூன்று மாதத்துக்குத் தின்ன வேண்டியது.

மாமாவின் தலை சீலைக்குள் வந்துவிட்டது.

"என்ன சொல்ற நீ?"

"அவர் சொன்னதத்தான் சொல்றேன்."

"மச்சானா? எங்கட மச்சானா தின்ட?"

"ஆமாங்க."

"அல்லாவே, இரிக்கிறது அவர்ர வீட்டில." தலை வெளியே போனது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்துச் சொன்னார். "சளிக்கு நல்லதாம்!"

துரை பேனாவை வைத்தார். முதலியார் அவர் சொன்னதைத் தமிழாக்கினார். "அஞ்சு நிமிசம் பேசினது ரெண்டு சொல்லுக்குள்ள எப்பிடி அடங்கினது எண்டு துரை கேக்கிறார்."

"பிரெஞ்சு கொஞ்சம் நீளமான பாசை துரை."

கோட்டில் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. பாசை தெரிந்தவர் யாரோ அவரே சத்தியம் செய்து, தன் பெயரைச் சொல்லி, தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். இல்லாவிட்டால் இதுவரை சொன்ன ஒன்றையும் எடுக்க மாட்டாராம்.

"வண்டிக்குள்ள இருக்கிற ஆள்ர பேர் என்ன, கபூர் காக்கா?"

"எங்கட வீட்டு ஆள்."

"பேர்?"

"றஸீனாட மாமி," என்று என் பெயரைச் சொன்னார்.

"அது முறை. பேரச் சொல்லுங்க."

மாமா வாயைத் திறந்தார், மூடினார். ஆறு வருசத்தில் அவர் மாமியின் பெயரை வீட்டுக்குள்கூடச் சொன்னதில்லை. 'இஞ்ச', 'புள்ள', 'கேக்குதா' என்பதுதான். கோட்டு முழுக்க ஆண்கள். 

துரை கையைக் காட்டினார். ஒரு பொலிஸ்காரர் வந்து பெட்டியைத் தூக்கினார். பாக் ஜன்னல் பக்கம் திரும்பி, "மதாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாமி என்னைப் பார்த்தார். "றஸீனா, இந்த ஊர்ல எங்களுக்குப் போறதுக்கு வேற எடம் இருக்கா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

"எனக்கும் ஒண்ணும் தோணல," என்றார் மாமி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது மாமியுடையது என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை.

"என் பேரு சித்தி நபீஸா. தகப்பன் பேரு முகைதீன்பாவா. ஊரு காரைக்கால். அல்லாஹ் மேல சத்தியமா, அவர் சொன்னத மட்டும்தான் சொல்லுவேன்."

மாடு இரண்டும் தலையைத் தூக்கின.  மாமி எல்லாவற்றையும் சொன்னார். கூன், நிமிர்வு, நெஞ்சில் அடித்தது, முழங்கால், இரண்டு வேர், வெறும் நூல் இரண்டு. ஒன்றையும் விடவில்லை. 'விதானையார்' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

பல்லு டாக்குத்தர் சொல்ல வந்தது என்ன என்று முதலியாருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

துரை வாப்பாவைப் பார்த்தார். "உண்மையா விதானையார்?"

வாப்பா எழும்பினார். கொஞ்ச நேரம் தொப்பியைச் சரிசெய்தார்.

"சின்ன ரெண்டுதான் துரை," என்றார்.

பாக் யோசேப்பு விடுதலை. பெட்டியைக் கையில் கொடுத்ததும் அவர் வேர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்தார். எழுதுவினைஞர் பெரிய புத்தகமொன்றில் பிரெஞ்சுக்கு நேரே சித்தி நபீஸா என்று எழுதினார். தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம்.

வரும்போது மாமா வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நடந்தார்.  கல்லடிப் பாலத்தின் நடுவில் மெதுவாக, "சித்தி நபீஸா," என்றார்.

"என்னங்க?"

"ஒண்டுமில்ல. சொல்லிப் பாத்தன்."

நாங்கள் வருவதற்கு முன்னே செய்தி வந்துவிட்டது. உம்மா ஒன்பது குழிகளுக்கு நடுவில் மண்வெட்டியோடு நின்றார். வாப்பா படலையைத் திறந்துகொண்டு வந்தவர், உம்மாவைப் பார்த்ததும் மாமியின் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"இவங்க ரெண்டு பேரும் இனி இந்த வீட்டில இரிக்க ஏலா! என்ட வீட்டில இருந்துக்கிட்டு என்ன ஊர் சிரிக்க வெச்சிட்டாங்க!"

"ஆர்ர வீட்டில?" என்று கேட்டார் உம்மா.

வாப்பா நின்றார்.

"என்ட உம்மா எனக்குத் தந்த வீடு. நீங்க மாப்பிளயா வந்தீங்க, ஒரு பெட்டியோட. மறந்துட்டீங்களா?" உம்மா மண்வெட்டியை நீட்டினார். "வாசல்படியில ஒண்டு, கிணத்தடியில மூண்டு, முருங்கையடியில அஞ்சு. நான் வேர்க்க வேர்க்கத் தோண்ட, பக்கத்தில நிண்டு ஆழம் பாத்தீங்களே மனிசன்! அவ என்ட தம்பிட பொண்டாட்டி. எங்கயும் போக மாட்டா. புடிங்க இத. திரும்பி வந்த பலம் இன்னும் மிச்சம் இரிக்கும்தானே?"

வாப்பா மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் பாக் போகும் முன் உம்மாவுக்கு ஒரு வேர் கொடுத்தார். உம்மா அதைப் பிஸ்மி சொல்லி இரண்டு விரலால் வாங்கி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கிணற்றடியில் பெண்கள் மாமிக்கு வழிவிட்டு நின்றார்கள். ஒருத்தி தன் மகனுடைய சிங்கப்பூர்க் கடிதத்தை வாசித்துத் தர முடியுமா என்று கேட்டாள். அது தமிழில்தான் இருந்தது. ஆனாலும் மாமிதான் வாசிக்க வேண்டுமாம்.

பின்னேரம் வாப்பா ஒன்பதாவது குழியை மூடிக்கொண்டிருந்தார். நான் தண்ணி கொண்டுபோனேன். குடித்துவிட்டு, அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மகள், மாமிக்கிட்ட ஒண்டு கேட்டு வா. அந்த மனிசன் நகக்கண் அளவு எண்டானே. எந்த விரல்ர நகம்?"

நான் போய்க் கேட்கத் தேவைப்படவில்லை. மாமி அடுக்களைக்குள்ளிருந்தே, பக்கத்து வளவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"சுண்டு விரல், மச்சான்!"